மேற்கே சூலம்

நேற்று மாலையிலிருந்து நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒரே அமர்க்களம். வரும் ஞாயிற்றுக்கிழமை சேலம் போகிறோமாம். காலையில் ஸ்ரீபெரும்புதூரில் வேன் ஏறி, மத்தியானம் அங்கே சாப்பிட்டு, பொழுது போவதற்குள் திரும்பிவிடுகிறோமாம். ஒருத்தி இட்லி கட்டிக்கொண்டு வருகிறாள். ஒருத்தன் வழியில் எங்கே டீ நன்றாக இருக்கும் என்பதுவரை சொல்லிவிட்டான். "ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம்ப்பா" என்று ஆளாளுக்கு ஒரு தடவை எழுதியிருக்கிறீர்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்று, "இன்னாடி, உயிரோட கீறியா இல்லியா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கீறேன். ஷிஃப்ட் முடிந்து வந்து, காலை வெந்நீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லைனில் நின்று நின்று முட்டி இரண்டும் எனக்கு முன்னாடியே ரிட்டயர் ஆகிவிட்டன. ஆனால் நான் வராததற்கு முட்டி காரணமில்லை. அந்த வாக்கியம்தான் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரே நாளில் சேலம் போய் வருவது என்ற கதையை ஒரு கோடை முழுக்கக் கேட்டவள் நான். உங்களுக்கென்ன, போனைத் தடவினால் நீலக்கோடு ஓடிப் போய்ச் சேலத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டில் அந்தக் கோட்டை அப்பா சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் போட்டார். கோழி மிதித்து அழித்தது. மறுபடியும் போட்டார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் நிலம் கம்பெனிச் சுவருக்குள் போனது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தானே. அப்பாவுக்கு அதே கம்பெனியில் லாரியிலிருந்து பார்ட்ஸ் இறக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. நிலத்துக்கு வந்த பணத்தில் அப்பா அந்த வருஷம் ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கினார். வாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும், ஓட்டினார் என்று சொல்ல முடியாது. ஹைவேயில் இருக்கிற பெட்ரோல் பங்க் வரைக்கும் போவார், திரும்பி வருவார். சாயங்காலம் ஆனால் பழைய வேட்டித் துணியால் துடைப்பார். சீட்டில் யாரோ முன்பின் தெரியாத மனுஷனின் தலை எண்ணெய் வாசனை அடிக்கும். என் பக்கத்துக் கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால்தான் ஏறும். வெயில் நேரத்தில் கோழிகள் அதன் அடியில் படுத்துக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்துப் பெரியம்மாவிடமிருந்து போன் வந்தது. அம்மாவின் அக்கா. தாயில்லாத வீட்டில் அம்மாவுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் செய்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு தான் கல்யாணம் செய்துகொண்டு போனவள். எங்களுக்குத் தெருமுனைக் கடைக்குத்தான் போன் வரும். கடைக்காரர் ஆள் அனுப்ப, அம்மாவும் நானும் ஓடினோம். பெரியம்மாவுக்கு உரத்த குரல். பக்கத்தில் நின்ற எனக்கே எல்லாம் கேட்டது.

"சக்கரை கண்ணுக்கு ஏறிடுச்சாம்டி. வலது கண்ணு போயேபோச்சு. எடது கண்ணுல பகல் வெளிச்சத்துல கொஞ்சம் தெரியுது. பொழுது சாஞ்சா ஒண்ணும் இல்ல. இதுவும் எத்தினி நாளைக்குன்னு டாக்டருக்கே தெரியல."

அம்மா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அழுவாதடி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். உன் பொண்ண தொட்டில்ல பாத்ததோட சரி. யாரு ஜாடைன்னு ஒரு தடவ கண்ணால பாத்துடறேன். சுருக்க கூட்டிக்கினு வாடி."

ஒரு ஆள் கேட்டது அவ்வளவுதான். ஒரு முகத்தைப் பார்க்க வேண்டும், அதுவும் வெளிச்சத்தில். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டிலேயே அம்மா, "காலைல பஸ்ல போயிட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டுவிட்டாள்.

"இன்னாத்துக்கு பஸ்ஸு? வாசல்ல கார் நிக்குது இல்ல? கார வெச்சிக்கினு பஸ்ல போனா ஊர்ல நாலு பேரு இன்னா பேசுவான்?" என்றார் அப்பா. "ஞாயித்துக்கிழமை லீவு. காலைல கெளம்பினா மத்தியானம் சேலம். பாத்துட்டு உடனே திரும்பிடலாம். ஒரே நாள்."

அங்கே தங்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. எந்தக் கல்யாணத்திலோ பெரியப்பா, "நிலத்த குடுத்துட்டு அதே நிலத்துல மூட்டை தூக்கறியாப்பா" என்று கேட்டாராம். வேடிக்கையாகத்தான் கேட்டிருப்பார் என்பாள் அம்மா. அந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று அப்பா அன்றே சொல்லிவிட்டார். சொன்ன மனுஷன் போயும் சேர்ந்துவிட்டார், இவருடைய ரோஷம் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தது. கார் வாங்கியதே அந்த வாசலில் ஒரு தடவை கொண்டுபோய் நிறுத்தத்தானோ என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு ஜன்னலோரம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அப்பாவுக்கு அவ்வளவு தூரம் ஓட்டத் தெம்பு கிடையாது. சித்தப்பா கம்பெனி ஸ்டாஃப் வேன் ஓட்டுகிறவர், அவர்தான் ஓட்டுவதாக ஏற்பாடு. தினமும் சாயங்காலம் அண்ணனும் தம்பியும் சாக்பீஸோடு தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். காஞ்சிபுரம் தாண்டி வேலூர், அங்கிருந்து கிருஷ்ணகிரி, அப்புறம் சேலம். எங்கே சாப்பிடுவது, எங்கே டீசல் போடுவது, டயர் போனால் என்ன செய்வது, டயர் போகாவிட்டால் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது. மாடியில் ஒரு ரூமில் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன் ஒருவர் வாடகைக்கு இருந்தார். கம்பெனியில் டிரெய்னி. படியில் இறங்கும்போது இதைப் பார்த்துவிட்டு நிற்பார்.

"யக்கா, சேலத்துக்குப் போறதுக்கா இந்தப் பாடு படுதிய? பொங்கலுக்கு நாங்க ஊர் வரைக்கும் நின்னுக்கிட்டேல்லா போறோம். பஸ்ஸுல ஏறி உக்காந்தா அதுபாட்டுக்குப் போயிரும்."

"நீ போப்பா, டூட்டிக்கு லேட் ஆவுது" என்பார் அப்பா.

முதல் ஞாயிறு விடியும்போதே எல்லாரும் குளித்தாகிவிட்டது. அம்மா பிரவுன் ரெக்சின் பையில் தன்னுடைய நல்ல புடவை இரண்டு, என் பச்சைப் பட்டுப் பாவாடை, பெரியம்மாவுக்கு முறுக்கு எல்லாம் வைத்துவிட்டாள். சித்தப்பா காரில் ஏறி ஹாரன் அடித்துப் பார்த்தார். வழியனுப்ப மேலண்டை வூட்டு அத்தை வந்தாள். எங்களுக்கு மேற்கே அடுத்த வீடு, அதனால் அந்தப் பேர். ஊரில் எந்த நல்லது நடந்தாலும் அவளைக் கேட்காமல் நடக்காது.

"எந்தப் பக்கமா போறீங்க?"

"வேலூர் வழியா, அண்ணி" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கிழமை மேக்க சூலமாச்சே. புது வண்டிய எடுத்துக்கினு சூலத்துக்கு நேராவா போறது?"

அப்பா உள்ளே போய்த் தினசரி காலண்டரைப் பார்த்தார். சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம் என்று போட்டிருந்தது. அம்மா சமையலறைக்கு ஓடிப் போய் ஒரு கட்டி வெல்லம் எடுத்து வந்தாள். "ஆளுக்குக் கொஞ்சம் வாயில போட்டுக்கினு கெளம்பலாம், வாங்க" என்றாள்.

"பக்கத்து ஊருக்குன்னா வெல்லம் போதும். இத்தினி தூரத்துக்கா?" என்றாள் அத்தை.

அப்பா காரின் மேல் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சாவியைச் சித்தப்பாவிடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா அதற்கு முன்னால் நாள், நேரம் பார்த்து நான் கண்டதில்லை. ஏர் பூட்டும்போதுகூட வானத்தைத்தான் பார்ப்பார். இப்போது யோசித்தால் புரிகிறது. நிலம் கைவிட்டுப் போனதிலிருந்து அவருக்கு எல்லாவற்றிலும் பயம் வந்துவிட்டது. மிச்சம் இருந்தது அந்தக் கார் ஒன்றுதான். பாவம் அப்பா. ஆனால் பாவம் என்று இன்று நினைக்கிறேன், அன்று வெல்லத்தைச் சப்பிக்கொண்டு அழுதேன்.

லீவு ஞாயிறில்தான். ஞாயிறில் மேற்கே சூலம். அப்படியானால் எப்போதுதான் போவது? அதற்கும் அத்தையிடம் வழி இருந்தது. பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றாள். கிளம்பத் தோதான நாளில் கிளம்ப முடியாதவர்கள், ஒரு நல்ல நாளில் பயணப் பையை மட்டும் போகிற திசையில் இருக்கிற வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. அந்தப் பை வாசல் தாண்டிய நேரமே பயணம் ஆரம்பித்ததாகக் கணக்கு. பிறகு ஆள் எப்போது போனாலும் தோஷமில்லை. வியாழக்கிழமை காலையில் அம்மா அந்த ரெக்சின் பையை எடுத்துக்கொண்டு போய் அத்தை வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அப்பா காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினார். எங்கள் பயணம் ஆரம்பித்துவிட்டது.

பை போய்விட்டது, நாங்கள் போகவில்லை. அடுத்த ஞாயிறு அப்பாவுக்கு ஓ.டி. வேண்டாம் என்று சொன்னால் சூப்பர்வைசர் முறைப்பான். அதற்கடுத்த ஞாயிறு சித்தப்பாவுக்கு டிரிப். அதற்கடுத்ததில் பேட்டரி இறங்கிப் போய், மாடி ரூம் அண்ணனும் அவர் கூட்டாளிகளும் தெருமுனை வரை தள்ளியும் கார் இருமியதோடு சரி. பிறகு கத்திரி வெயில், டயர் வெடிக்கும் என்று ஒத்திப் போட்டார்கள். அம்மா நைந்துபோன புடவைகளையே மாற்றி மாற்றிக் கட்டினாள். நல்ல புடவைதான் பயணத்தில் இருக்கிறதே. நம்ம வாத்தியார் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் ஸ்கூல் யூனிஃபார்மில் வந்து நின்றதை நீங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். பாவாடையைக் கேட்டு அத்தை வீட்டுக்குப் போனேன்.

"போன பயணத்த பாதியில திருப்பக் கூடாதுடி கண்ணு" என்றாள் அத்தை.

"பை இங்கதானே அத்தை கீது?"

"இங்க கீற மாதிரி தெரியும். அது போயிக்கினு கீது."

பள்ளிக்கூடம் திறக்க இருந்த வாரத்தில் ஒரு நாள், அப்பா டூட்டிக்குப் போனதும் அம்மா என்னை முகம் கழுவச் சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை. நடந்து ஹைவேக்கு வந்தோம். லாரிகள் கிளப்பிய புழுதியில் நின்றோம். வேலூர், கிருஷ்ணகிரி என்று கத்திக்கொண்டு ஒரு பஸ் வந்து நின்றது. "ஏறும்மா, ஏறும்மா, சீட்டு கீது" என்றார் கண்டக்டர். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு படியில் ஒரு கால் வைத்தாள். வைத்த கால் அப்படியே நின்றது.

"ஏறப் போறியா இல்லியாம்மா?"

அம்மா காலை எடுத்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க அப்பா அந்தக் கார் மேல எவ்ளோ ஆசையா கீறாருன்னு உனக்குத் தெரியாது. அவர் கூட்டிக்கினு போறேன்னு சொல்லும்போது நான் முந்திக்கினு போனா மனசு உட்டுடுவாரு" என்றாள். எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. ஒரு பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டி வந்தாள். யாருடைய மனசு உடையக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே அம்மாவுக்கு வயசு போனது. அந்தக் களைப்பு எனக்கும் இருக்கிறது, அவளிடமிருந்து வாங்கியதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாரமே பெரியம்மா மறுபடி போன் செய்தாள். இந்தத் தடவை குரல் உரக்க இல்லை. "இப்பல்லாம் வாசல்ல வர்றது யாருன்னு மூஞ்சிய பாத்து தெரியறதில்லடி. செருப்புச் சத்தத்த வெச்சு கண்டுக்கறேன். வர்றீங்களா?"

அம்மா வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவை அழைத்துவந்தார். மறுபடியும் சாக்பீஸ். அப்போதுதான் சித்தப்பாவுக்கு அந்த மகா யோசனை தோன்றியது.

"ண்ணா, மேக்க போனாத்தான சூலம்? நாம தெக்க போவோம். ஒரகடம், சிங்கபெருமாள் கோவில், ஜி.எஸ்.டி. ரோட்டப் புடிச்சி திண்டிவனம். உளுந்தூர்பேட்டையில திரும்பினா சேலம். வாசல்ல எந்தத் திசைய பாத்து ஏறுறமோ அதான கணக்கு?"

அப்பாவின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். ஆனால் அத்தை விடவில்லை. பை மேற்கே போய்க்கொண்டிருக்கிறது, ஆள் தெற்கே போவது எப்படி? அதற்காகப் பையை எடுத்து, வீட்டுக்குள் கொண்டுவராமல் தெருவோடு சுற்றி, தென்னண்டை வீட்டில் ஒரு நல்ல நாள் பார்த்து வைத்தார்கள். அதில் இன்னொரு ஞாயிறு போனது. பையைத் திறந்தபோது முறுக்கில் சிக்கு வாடை. அம்மா அதைக் கோழிக்குப் போட்டாள்.

கடைசியில் ஒரு ஞாயிறு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கிளம்பியேவிட்டோம். ஒரகடம் தாண்டும்வரை அப்பா யாரையும் பேச விடவில்லை. ஜி.எஸ்.டி. ரோடு ஏறியதும் தானே பாட்டுப் போட்டார். செங்கல்பட்டு தாண்டியதும் ரோட்டைக் காணோம். அகலப்படுத்துகிறோம் என்று இரண்டு பக்கமும் தோண்டிப் போட்டிருந்தார்கள். லாரிக்குப் பின்னால் லாரி, நடுவில் நாங்கள். மாற்றுப் பாதை என்று ஒரு போர்டு எங்களைக் கரும்புக் கொல்லைகளுக்குள் விட்டது. திண்டிவனம் வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்துப் புகைந்தது. சித்தப்பா மெக்கானிக் தேடிப் போனார். நாங்கள் ஒரு புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம்.

"வேலூர் பக்கம் ரோடு நல்லா கீதாம்" என்றார் டீ விற்க வந்த ஆள். அப்பா அவரிடம் டீ வாங்கவில்லை.

அம்மா வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்து நிழல் நீண்டுகொண்டே போனது. சித்தப்பா வந்து, கார் கிளம்பி, உளுந்தூர்பேட்டையில் திரும்பியதும் சூரியன் நேராக எங்கள் கண்ணில் அடித்தது. எந்த மேற்குக்குப் பயந்து இத்தனை சுற்றினோமோ, அந்த மேற்கிலேயே போய்க்கொண்டிருந்தோம். "கொஞ்சம் சீக்கிரம் போங்க தம்பி, வெளிச்சம் போயிடும்" என்று அம்மா சொன்னாள். அந்த நாள் முழுக்க அவள் சொன்னது அது ஒன்றுதான். சித்தப்பா மிதித்தார். ஆத்தூர் வரும்போதே வானம் செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது.

பெரியம்மா வீட்டு வாசலில் கார் நின்றபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அப்படி நிற்கிறாள் என்று அவள் நாத்தனார் சொன்னாள். அம்மா ஓடிப் போய்க் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு சத்தமும் இல்லாமல் அழுதார்கள்.

"எங்கடி புள்ள? இந்த லைட்டுல தெரியாதே. இந்நேரத்துக்கா வருவ?"

சித்தப்பாதான் சொன்னார், "அண்ணி, நான் ஹெட்லைட்ட போடறேன். பகல் மாதிரி இருக்கும்." வண்டியைத் திருப்பி வாசலுக்கு நேராக நிறுத்தினார். அம்மா என் முகத்தை முந்தானையால் துடைத்து, பெரியம்மாவுக்கு நேரே, கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தினாள். விளக்குப் பளீரென்று என் பக்கவாட்டில் விழுந்தது. கண் கூசியும் நான் இமைக்கவில்லை. பெரியம்மா கழுத்தை நீட்டி, இடது கண்ணை அகல விரித்துக் காத்திருந்தாள்.

"வெளிச்சம் நல்லா கீதுடி" என்றாள் பெரியம்மா. "சரி, புள்ளைய கூப்பிடு. வந்து நிக்கட்டும்."

அம்மா என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்பா காருக்குப் போய் விளக்கை அணைத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கை நனைக்க மாட்டேன் என்ற அதே வீட்டுக்குள் போய்த் தண்ணீர் கேட்டுக் குடித்தார். "காலைல பாத்துக்கலாம். இன்னிக்கு இங்கயே தங்கிடலாம்" என்றார். யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. நாளைக்கு ஷிஃப்ட் என்று சித்தப்பா ஆரம்பித்ததும் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் நல்ல வெயில். அம்மா வாசலில் நாற்காலி போட்டுப் பெரியம்மாவைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்தாள். "இரு அக்கா, புள்ளைய இட்டாறேன்" என்று அவள் திரும்பும்போதே, எதிர் வீட்டுச் சிறுமி பால் சொம்போடு கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். என் வயசு இருக்கும், என்னைவிடக் கொஞ்சம் உயரம். அந்தக் காலடிச் சத்தத்தில் பெரியம்மா நிமிர்ந்தாள். எட்டி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, மோவாயைத் தூக்கி முகத்தை வெயிலுக்குத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"தெரியுதுடி" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "நெத்தி தெரியுது. அப்படியே நம்ம அம்மா நெத்தி. கண்ணு நெறையப் பாத்துட்டேன்டி, போதும்."

அந்தப் பெண் மிரண்டுபோய் அம்மாவைப் பார்த்தது. அம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, "ஆமாக்கா, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள்.

நான் பக்கத்துச் சந்தில் குழாயடியில் முகம் கழுவி, ஈரத்தோடு ஓடிவரக் கால் எடுத்திருந்தேன். அம்மா திரும்பிப் பார்க்காமலே ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து, வராதே என்று விரித்துக் காட்டினாள். நான் குழாயடியிலேயே நின்றுவிட்டேன்.